ஓடாத வங்கிக் கணக்குகள்: மூடுவதா, வைத்திருப்பதா?

இடம்பெயர்ந்த குடும்பங்களின் பெட்டிகளில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை ஆகியவற்றோடு நான்கைந்து வங்கிப் புத்தகங்களும் கிடப்பதை நாம் காண்கிறோம். இதில் வியப்பில்லை. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஊரிலிருந்தபோது கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கியில் ஒரு கணக்கு. கிளிநொச்சியில் வயல் செய்தபோது பயிர்ச்செய்கைக் கடனுக்காக இன்னொன்று. 2009இல் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது வேறொன்று. மீளக் குடியமர்ந்தபின் இந்திய வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபாவைத் தவணை தவணையாகப் பெற மற்றொன்று. 2023இல் அஸ்வெசும தொடங்கியபோது அதற்கும் ஒன்று. தேவைகள் முடிந்துவிட்டன, புத்தகங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

இவற்றை மூடிவிடலாமா? எல்லாவற்றையும் மூடுங்கள் என்றோ, எல்லாவற்றையும் வைத்திருங்கள் என்றோ நாம் சொல்லமாட்டோம். ஒவ்வொரு புத்தகத்தையும் தனியே கையில் எடுத்து இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இதன் வழியாக இனியும் காசு வர இடமுண்டா? இதனோடு கடனோ பிணையோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

அதற்கு முன் ஒரு பயத்தைப் பற்றிப் பேசவேண்டும். "பத்து வருடம் தொடாத காசை அரசாங்கம் எடுத்துவிடும்" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். இது பாதி உண்மை. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின்படி, பத்து ஆண்டுகளாகக் காசு போடாமலும் எடுக்காமலும், வங்கியோடு எவ்விதத் தொடர்பும் இல்லாமலும் விடப்பட்ட வைப்பு கைவிடப்பட்ட சொத்தாகக் கொள்ளப்படும். வங்கி அதனை மத்திய வங்கிக்கு மாற்றும். ஆனால் உங்கள் உரிமை அதோடு அழிந்துவிடுவதில்லை. கணக்குக்குரியவரோ, அவர் இறந்திருந்தால் உரித்தாளரோ, கணக்கு இருந்த வங்கியின் ஊடாகவே அதனைக் கோரலாம். ஆகவே 1995க்கு முந்திய புத்தகம் என்றாலும் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். இங்கே எமது மக்களுக்குள்ள இடர் வேறொன்று. வங்கி அனுப்பும் கடிதம் நீங்கள் கடைசியாகக் கொடுத்த விலாசத்துக்கே போகும். அந்த விலாசத்தில் இன்று வீடே இல்லாமல் இருக்கலாம். மூடாமல் வைத்திருக்க நினைக்கும் கணக்குக்கு முதலில் விலாசத்தை மாற்றுங்கள். பின்னர் வருடத்துக்கு ஒருமுறை நூறு ரூபாவாவது போட்டு வாருங்கள்.

கூட்டுறவுச் சங்கங்களின் கிராமிய வங்கிகள் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அவற்றிலுள்ள காசுக்குச் சங்கத்தையே நாடவேண்டும். சங்கம் இயங்காதிருந்தால் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

சும்மா கிடக்கும் கணக்கும் சிலவேளை செலவு வைக்கும். குறைந்தபட்ச மீதி இல்லாவிட்டால் சில வங்கிகள் கட்டணம் கழிக்கும். ஏ.ரி.எம். அட்டைக்கு ஆண்டுக் கட்டணம், தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்திக்குக் கட்டணம் என்று சிறுகச் சிறுக மீதி கரைந்துபோகும். கணக்கை வைத்துக்கொண்டு அட்டையை மட்டும் நிறுத்தவும் முடியும். பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் கடனட்டையும் எடுத்திருக்கிறார்கள். அதனைப் பாவிக்காமல் பெட்டியில் வைத்தாலும் ஆண்டுக் கட்டணம் ஏறும். கட்டாவிட்டால் அதன்மேல் வட்டியும் ஏறும். கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையிலும் அது நிலுவையாக நிற்கும். பிறகு உழவு இயந்திரத்துக்கோ நீர்ப்பம்பிக்கோ கடன் கேட்கப் போகும்போதுதான் இது தெரியவரும். பாவிக்காத கடனட்டையை, நிலுவையைத் தீர்த்து, எழுத்தில் கேட்டு மூடிவிடுவதே நல்லது என்பது எமது எண்ணம். அட்டையை வெட்டி எறிவதால் மட்டும் கணக்கு மூடுவதில்லை.

இனி, அவசரப்பட்டு மூடக்கூடாத கணக்குகள். அஸ்வெசும, முதியோர் கொடுப்பனவு, உர மானியம் ஆகியவை எந்தக் கணக்குக்கு வருகின்றனவோ அதனைத் தொடாதீர்கள். வேறு கணக்குக்கு மாற்ற விரும்பினால், பிரதேச செயலகத்திலோ கமநல சேவை நிலையத்திலோ புதிய கணக்கு இலக்கத்தைப் பதியுங்கள். புதிய கணக்கில் முதற்காசு விழுந்ததைக் கண்ணால் கண்ட பின்னரே பழையதை மூடுங்கள். இடையில் விடுபட்ட கொடுப்பனவை மீளப் பெற அலைவது எவ்வளவு பாடு என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

பழைய பயிர்ச்செய்கைக் கடன் இருந்த வங்கியானால், கணக்கை மூடக் கேட்குமுன் அந்தக் கடனின் நிலையைக் கேளுங்கள். வயலை விட்டு ஓடியதால் கட்டமுடியாமற் போன கடன் வங்கிப் புத்தகங்களில் இன்னும் நிற்கக்கூடும். மீதியிலிருந்து அதனைக் கழிக்க வங்கி முற்படலாம். நீங்கள் இன்னொருவருக்குப் பிணை நின்றிருந்தால் அதனையும் விசாரியுங்கள். மறைத்துத் தப்பலாம் என்று நினைப்பதிலும், முகாமையாளரிடம் நேரில் பேசி எழுத்தில் ஒரு முடிவு பெறுவது மேல்.

பிள்ளைகளின் பெயரிலுள்ள கணக்கை 18 வயது வரை விட்டுவிடுவதே வழமை. அது தேசிய சேமிப்பு வங்கியினதாக இருந்தால் அங்குள்ள வைப்புக்கு அரசாங்கமே உத்தரவாதம். தபாலகத்திலும் காசு போடலாம். தூரக் கிராமங்களில் உள்ளவர்களுக்கு இந்தப் புத்தகம் ஒன்று இருப்பது வசதி.

மிகவும் கடினமானது, காணாமற்போன கணவன் அல்லது மகனின் புத்தகம். மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் காசு என்று சொல்லப்பட்டு, அதற்கு மனம் ஒப்பாமல் புத்தகத்தை அப்படியே வைத்திருக்கும் தாய்மார் அநேகர். 2016இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின் பின், ஆளைக் காணவில்லை என்பதற்கே பதிவாளர் நாயகத்தின் திணைக்களம் சான்றிதழ் வழங்குகிறது. இறந்துவிட்டார் என்று அதில் எங்கும் எழுதப்படுவதில்லை. அந்தச் சான்றிதழோடு குடும்பத்தார் அவருடைய சொத்தைப் பராமரிக்க முன்வரலாம். வங்கி வேறு என்ன பத்திரம் கேட்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்து போங்கள். அந்தக் கணக்கை வைத்திருப்பதா இல்லையா என்பது குடும்பம் ஆறுதலாக எடுக்கவேண்டிய முடிவு. வெளியார் எவரும் அவசரப்படுத்தக்கூடாது.

வங்கிக்குப் போகும்போது பழைய அடையாள அட்டை இலக்கத்தையும் கொண்டுபோங்கள். முன்னர் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்துமாக இருந்தது, இப்போது பன்னிரண்டு இலக்கம். பழைய கணக்கு பழைய இலக்கத்திலேயே பதிவாகியிருக்கும். திருமணத்துக்கு முன் திறந்த கணக்கில் தகப்பனின் பெயரே முதலெழுத்தாக இருக்கும். அதற்கு விவாகச் சான்றிதழ் வேண்டும். புத்தகம் தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் கிராம அலுவலரின் கடிதமும் கேட்கப்படலாம். மூடிய பின் மீதிக் காசோடு, கணக்கு மூடப்பட்டது என்பதற்கு வங்கியின் முத்திரையிட்ட துண்டு ஒன்றையும் கேட்டு வாங்கிப் பெட்டியில் வையுங்கள்.