கொழுந்துக்குப் போகும் உடம்புக்கு எந்த அளவு மார்பு?

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்கு ஏறும் பாதையில் இருபுறமும் தேயிலை மலைதான். அந்தச் சரிவில் நிரை பிடித்து நிற்கும் பெண்ணின் தோளுக்கும் நெஞ்சுக்கும் காலையிலிருந்து ஓய்வு கிடையாது. இரண்டு கையும் பறிக்கும். முதுகில் கூடையோ பையோ கனத்துக்கொண்டே போகும். இலங்கைப் பெண்களிடம் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். அது தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக்கும் வருகிறது. சத்திரசிகிச்சையில் ஒரு மார்பை இழந்தவளிடம் "உயிர் தப்பினதே பெரிய காரியம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்த இடத்தில் எதை வைப்பது, எந்த அளவில் வைப்பது, வைக்காமலே இருக்கலாமா என்றெல்லாம் பேச அவளுக்கு ஆள் கிடைப்பது அரிது. ஆனால் மறுபடி மலைக்குப் போகிறவளுக்கு மிகவும் தேவைப்படுவது இந்தப் பேச்சுதான்.

வேலையைப் பார்த்து அளவு

மறுபக்க மார்புக்குச் சமமாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் உடுத்திப் போகும்போது அது சரி. நாள் முழுக்கக் குனிந்து, கை நீட்டி, சரிவில் ஏறி இறங்குகிறவளுக்கு எடைதான் முதல் கேள்வி. வெளியே அணியும் நடுத்தர அளவுள்ள ஒரு சிலிக்கோன் மார்பகம் ஏறக்குறைய அரைக் கிலோ வரும். அந்தப் பாரம் பிராவின் தோள்பட்டியில் தொங்கும். அதே தோளில் கொழுந்துப் பையின் வாரும் விழும். பெரிய மார்புள்ள பெண்ணுக்கு ஒரு பக்கம் வெறுமையாகிவிட்டால் உடம்பு சாய்ந்த மாதிரி இருப்பதும், கழுத்தும் முதுகும் வலிப்பதும் உண்மைதான். அவளுக்குக் கொஞ்சம் எடை தேவைப்படலாம். சிறிய மார்புள்ளவளுக்கு எடையே தேவையில்லாமல் போகலாம். ஆகவே எல்லாருக்கும் பொருந்தும் ஓர் அளவு கிடையாது. வேலைக்கு இலேசான ஒன்று, வெளியே போக நிறைவான ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ள முடிந்தால் அதுவே நல்லது.

வெளியே அணியும் மார்பகம்

காயம் ஆறும் தொடக்கத்து 6–8 வாரங்களுக்குப் பஞ்சோ மெல்லிய நார்த்துணியோ அடைத்த மென்மையான வடிவம் போதும். தழும்பை உரசக்கூடாது, அழுத்தக்கூடாது. டொக்டர் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் சிலிக்கோன்.

செயற்கை மார்பகத்தின் வரலாற்றில் ஒரு பெண்ணைச் சொல்லியாக வேண்டும். பார்பி பொம்மையை உருவாக்கிய அமெரிக்கப் பெண் ரூத் ஹேண்ட்லர் 1970இல் புற்றுநோயால் ஒரு மார்பை இழந்தார். கடையில் கிடைத்த செயற்கை மார்பகங்கள் வலம் இடம் என்ற வேறுபாடுகூட இல்லாமல் இருந்ததைப் பார்த்து மனம் நொந்தவர், 1970களின் நடுவில் தாமே ஒரு நிறுவனம் தொடங்கி, வலத்துக்கும் இடத்துக்கும் தனித்தனியாக, பிரா அளவுக்கு ஏற்றபடி செய்து விற்றார். இன்று இலகு வகை சிலிக்கோனும் வந்துவிட்டது. வழக்கமானதைவிடக் கால்பங்கோ அதற்கு மேலோ எடை குறைவு. ஏறி இறங்கும் வேலைக்கு அதைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் சிலிக்கோன் விலை கூடியது. வேர்வையில் தோலோடு ஒட்டிக் கசகசக்கும். மலை வேலைக்குப் பருத்தி நூலில் பின்னி நார்ப்பஞ்சு அடைத்த வடிவமே மேல் என்பது என் கருத்து. பல நாடுகளில் தொண்டர்கள் இப்படிப் பின்னி இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஊசி பிடிக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கையில் எடுத்தால் பாரமே தெரியாது, துவைத்துக் காயப்போடலாம். எடை வேண்டுமென்று தானியத்தை உள்ளே தைப்பவர்கள் உண்டு. ஊவா மாகாணத்தின் மழையில் அது நனைந்து பூசணம் பிடிக்கும், வேண்டாம். எந்த வகையானாலும் இரவில் கழற்றிவிட்டுத் தோலைக் கழுவி நன்றாக உலர விடுங்கள். தழும்பு சிவந்தாலோ தோல் உரிந்தாலோ ஆறும்வரை அணியாதீர்கள்.

ஒன்றும் வைக்காமலே இருப்பதும் ஒரு முடிவுதான். அப்படி முடிவெடுத்தவளைப் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் யாரும் ஒரு மாதிரிப் பார்க்க வேண்டியதில்லை.

பிராவைக் கவனிக்காவிட்டால் எல்லாம் வீண்

மார்பைத் தாங்குவது தோள்பட்டி என்றே பலர் நினைக்கிறோம். உண்மையில் அந்த வேலையைச் செய்ய வேண்டியது மார்புக்குக் கீழே உடம்பைச் சுற்றி ஓடும் பட்டி. அது முதுகில் மேலே ஏறாமல் கிடைமட்டமாக நிற்க வேண்டும். இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும். தோள்பட்டி அகலமாக இருக்கட்டும். கம்பி வைத்த பிரா தழும்பில் குத்தும். கப்பின் உட்புறத்தில் பருத்தித் துணியால் ஒரு பை தைத்துக்கொண்டால் குனியும்போது வடிவம் வெளியே நழுவாது; தையல் தெரிந்த எவரும் ஒரு மணி நேரத்தில் தைத்துவிடலாம். அணிந்து பார்க்கும்போது கண்ணாடி முன்னால் நேராக நின்று பார்த்தால் போதாது. கொழுந்து பறிப்பதுபோல் கைகளை நீட்டுங்கள், குனிந்து நிமிருங்கள், நான்கு படி ஏறுங்கள், பையின் வாரையும் மாட்டிப் பாருங்கள். எங்கே உரசுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

உடலுக்குள்ளே வைப்பதானால்

மார்புக்குள் வைக்கும் உலகின் முதல் சிலிக்கோன் பை அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1962இல் ஒரு பெண்ணுக்குப் பொருத்தப்பட்டது. இத்தகைய பையின் அளவை மில்லிலீற்றரில் சொல்வார்கள். 300 மில்லிலீற்றர் என்றால் கிட்டத்தட்ட 300 கிராம். அளவைத் தீர்மானிக்கும்போது டொக்டர் முதலில் அளப்பது நெஞ்சில் மார்பு அமரும் இடத்தின் அகலம். அதைத் தாண்டிய பை கையை உரசும், தோலை இழுக்கும், காலப்போக்கில் கீழே இறங்கும். ஓடியாடி வேலை செய்பவளுக்கு நெஞ்சு இடம்கொடுக்கும் அளவுக்குள் சிறியதே நல்லது.

வைக்கும் இடமும் முக்கியம். நெஞ்சுத் தசைக்குக் கீழே வைத்தால் கையை இழுத்து வேலை செய்யும்போதெல்லாம் தசை சுருங்கிப் பையை அசைக்கும். சிலருக்கு வடிவமே கோணும். முதுகுத் தசையைத் திருப்பி முன்னே கொண்டுவந்து மார்பு அமைக்கும் முறையும் உண்டு. அதில் தோளின் இழுக்கும் பலம் கொஞ்சம் குறையலாம். கூடை சுமக்கிறவள் இதைக் கத்தி வைப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கதிர்ச் சிகிச்சை பெற்ற நெஞ்சில் பை இறுகிக் கல்லாகும் ஆபத்து கூடுதல். பை ஆயுளுக்கும் நிற்பதில்லை. ஒருநாள் மாற்ற நேரலாம். சொரசொரப்பான மேற்பரப்புள்ள ஒரு வகைப் பை அரிதான நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடையது என்று கண்டு 2019இல் உலகெங்குமிருந்து திரும்பப் பெற்றார்கள். பொருத்திய பின் பாரம் தூக்க வழக்கமாக 4 முதல் 6 வாரமாவது பொறுக்க வேண்டும். தசை எடுத்த சத்திரசிகிச்சைக்கு அதைவிடக் கூடும்.

கை வீங்கினால்

அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கத்துக் கை பின்னாளில் வீங்கலாம். அதற்குப் பயந்து கையையே அசைக்காமல் வைத்திருப்பது தவறு. வீக்கம் உள்ள பெண்கள்கூட மெல்ல மெல்லக் கூட்டி எடை தூக்கிப் பழகியதில் வீக்கம் மோசமாகவில்லை என்று 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. மெல்ல மெல்ல என்பதுதான் இதில் உயிர். வேலைக்குத் திரும்பிய முதல் நாளே முழுப் பேருக்கு, அதாவது முழு நாட்சம்பளத்துக்கு, நிறை போடப் போகாதீர்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலை வாது கீறினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கை சிவந்து சூடேறிக் காய்ச்சல் வந்தால் அன்றே டொக்டரைப் பாருங்கள்.

எங்கே கேட்பது

பதுளை போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. மேல்சிகிச்சைக்கு மகரகம அபேக்ஷா வைத்தியசாலை. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் பூனாகலையிலிருந்து போய்வர ஒரு நாள் பேர் போகும். அதனால் கேள்விகளை முன்கூட்டியே எழுதி எடுத்துப் போங்கள்: நான் கொழுந்துக்குப் போகிறவள், எந்தப் பக்கம் பாரம் போடலாம், எப்போது போடலாம், எனக்கு எந்த எடையில் மார்பகம் பொருந்தும்? செய்யும் வேலையைச் சொல்லாமல் கேட்டால் சரியான பதில் கிடைக்காது.

இன்னும் நோய் வராதவர்களிடமும் ஒரு வார்த்தை. 20 வயது முதல் மாதம் ஒருமுறை மார்பை நீங்களே தொட்டுப் பாருங்கள். 40 வரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் அதற்குப் பிறகு ஆண்டுதோறும் கிளினிக்கில் காட்டுங்கள். கட்டி, குழிந்த தோல், உள்ளே இழுத்த காம்பு, இரத்தக் கசிவு எது தென்பட்டாலும் வலி இல்லையே என்று விடாதீர்கள். தொடக்கத்தில் மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை.