பழைய காரும் பழைய பற்றுச்சீட்டும்

கொழும்பிலிருந்து கார் பார்க்க வந்தவர் பொனட்டைத் திறக்கவில்லை. டயரைத் தட்டிப் பார்க்கவுமில்லை. ஸலாம் சொல்லி அமர்ந்தவர், தேநீர் வருவதற்குள் "புத்தகத்தைக் கொஞ்சம் காட்டுங்க ஹாஜியார்" என்றார். அதன் பிறகுதான் எழுந்து சென்று என்ஜின் இலக்கத்தைப் பார்த்தார். கால் மணி நேரத்தில் பேசிய விலையைக் கைவிட்டுவிட்டார். 2023ஆம் ஆண்டு கல்முனையில் எனது கடை முற்றத்தில் நடந்த சம்பவம் இது. கார் வியாபாரம் செய்யாதவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருப்பதால் இவ்வாரம் அதை எழுதுகிறேன்.

அந்தக் கார் 1959ஆம் ஆண்டின் மொரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான இந்த ரகம், பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார். இலங்கையில் டாக்டர்மாரும் ஆசிரியர்மாரும் உத்தியோகத்தர்களும் விரும்பி வைத்திருந்த வாகனம். எனது வாப்பா 1974இல் அம்பாறையில் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவரிடம் இதை வாங்கினார். இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் அது. ஓடுகிற பழைய கார் கிடைப்பதே பெரிய காரியம். மருதமுனைச் சாரன்களையும் கைத்தறிப் புடைவைகளையும் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் அது ஓடாத நாள் குறைவு.

வாங்கிய போது, கையெழுத்திட்ட பத்திரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமல் ஓடும்படி பலரும் வாப்பாவுக்கு ஆலோசனை சொன்னார்கள். 'ஓப்பின் பேப்பர்' என்று நாம் சொல்லும் முறைதான். வாப்பா கேட்கவில்லை. இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டு, கொழும்புக்குப் போய்த் தன் பெயருக்குப் பதிவை மாற்றிக்கொண்டு வந்தார். அதை வீண் செலவு என்று சிரித்தவர்களும் உண்டு.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி எமது கடற்கரையோர வீட்டை எடுத்துக்கொண்டது. எனது ராத்தாவையும் நாம் அன்று இழந்தோம். கார் இரண்டு தெருக்களுக்கு அப்பால் ஒரு மதிலோடு சாய்ந்து கிடந்தது. மாதக்கணக்கில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பெட்டியில் இருந்த பத்திரங்கள் எல்லாம் போய்விட்டன. ஆனால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் வாப்பாவின் பெயரே இருந்ததால், பதிவுப் புத்தகத்தின் பிரதியொன்றை எடுக்க முடிந்தது. பழைய சொந்தக்காரரின் பெயரிலேயே விட்டிருந்தால் எங்கே போய் யாரைத் தேடியிருப்போம்?

வாப்பா 2009இல் மௌத்தானார். அதன் பிறகே காரைத் திருத்தும் வேலையைத் தொடங்கினேன். உப்புத் தண்ணீர் குடித்த வாகனம் வெளியே பளபளத்தாலும் உள்ளே உக்கிக்கொண்டே இருக்கும். மொரிஸ் மைனரில் லொறியைப் போலத் தனிச் செசி கிடையாது. உடலும் அடித்தளமும் ஒன்றாகவே பொருத்தப்பட்டவை. எனவே தளம் உக்கினால் காரின் பலமே போய்விடும். எமது டிங்கர் பாஸ் முழுத் தளத்தையும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தார். பெற்றோல் தாங்கியும் மின்கம்பிகளும் மாற்றப்பட்டன. கையில் காசு வந்தபோது வேலை நடந்தது. வராதபோது கார் தறப்பாளின் கீழ் கிடந்தது.

2020 மார்ச் மாதம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025இல்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறியதை நாம் எல்லோரும் பார்த்தோம். எமது காருக்கும் ஆள் வந்தது அப்போதுதான்.

வந்தவர் ஏன் எழுந்து போனார்? புத்தகத்தில் இருந்த என்ஜின் இலக்கம் வேறு, காரில் இருந்த இலக்கம் வேறு. மொரிஸின் சொந்த என்ஜின் தேய்ந்து, பாகம் கிடைக்காத நிலையில், வாப்பா 1986இல் ஜப்பானிய டட்சன் என்ஜின் ஒன்றைப் பொருத்தினார். அந்தக் காலத்தில் பலரும் செய்த வேலை. பழைய என்ஜினை இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டார். பெயர் மாற்றத்துக்காக இரண்டு நாள் கடையைப் பூட்டியவர், என்ஜின் மாற்றத்தைப் பதிய மறந்துவிட்டார். நானும் கவனிக்கவில்லை.

அவர் போன பிறகு தரகர் தம்பி மெதுவாகச் சொன்னார்: "காக்கா, பழைய நம்பரை இந்த என்ஜின்லயே அடிச்சித் தர ஆள் இருக்கு. அரை நாள் வேலை. அடுத்த ஆளுக்கு ஒண்டும் தெரியாது." பேசிய விலை சிறிய தொகையல்ல. அதில் எனது சகோதரிகளுக்கும் பங்கு இருந்தது. ஒரு நிமிடம் மனம் தடுமாறியது என்பதை மறைக்கவில்லை. ஆனால் கொழும்புக்காரர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போன ஒரு வழக்கு மனதில் கிடந்தது. பிறகு அதைத் தேடி வாசித்தேன்.

'ஓல்ட் நம்பர் வன்' என்பது பிரித்தானியாவின் பென்ட்லி நிறுவனம் செய்த பந்தயக் கார். பிரான்ஸின் லெ மான் நகரில் நடக்கும் 24 மணி நேர ஓட்டத்தில் 1929இலும் 1930இலும் வென்றது. 1932இல் புரூக்லண்ட்ஸ் ஓடுபாதையில் அது விபத்துக்குள்ளாகி, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். அதன் பிறகு அது மீண்டும் கட்டப்பட்டு வீதியில் ஓடும் காராக மாறியது. கை மாறி, உடல் மாறி, கடைசியில் ஹப்பார்ட் என்பவரிடம் வந்தது. 1990இல் அதை ஒரு கோடி ஸ்ரேலிங் பவுணுக்கு வாங்க மிடில்பிரிட்ஜ் என்ற நிறுவனம் உடன்பட்டது. பிறகு, "இதில் பழைய கார் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பின்வாங்கியது. விவகாரம் இலண்டன் நீதிமன்றத்துக்குப் போனது.

நீதிபதி ஒட்டன் பாகம் பாகமாக ஆராய்ந்தார். 1929இல் வென்ற காரில் காலத்தை நிச்சயிக்க முடியாத சில்லறைப் பொருத்துகளைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை என்று கண்டார். 1930இன் காரில் எஞ்சியவை பெடல் தண்டு, கியர்ப் பெட்டியின் கூடு, ஸ்டியரிங் தண்டு ஆகியவை மட்டுமே. செசியும் என்ஜினும் 1932ஆம் ஆண்டுக்குரியவை. அப்படியிருந்தும் தீர்ப்பு விற்றவருக்கே சாதகமானது. கார் ஒருபோதும் ஒரேயடியாகக் கழற்றி அழிக்கப்படவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் புதிய பாகம் பழைய காரோடு சேர்ந்தது. அதன் வரலாறு அறுபடவில்லை. ஆகவே இதுதான் ஓல்ட் நம்பர் வன் என்றார் நீதிபதி.

இதைப் படித்தபோது எனக்கு விளங்கியது ஒன்றுதான். பாகத்தை மாற்றுவது மோசடியல்ல. மாற்றியதை மறைப்பதே மோசடி. என்ஜின் மாறிய மொரிஸ் மொரிஸ்தான். பொய் இலக்கம் அடித்த மொரிஸோ திருட்டு வாகனத்தைப் போன்றது.

எமது நாட்டிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. பிரித்தானிய மகாராணியின் கணவரான இளவரசர் பிலிப், இளம் கடற்படை வீரராக இலங்கையில் இருந்த 1940ஆம் ஆண்டு, 1935இன் ஸ்டாண்டர்ட் கார் ஒன்றைப் பழைய வாகனமாக வாங்கினார். கொடுத்தது 12 ஸ்ரேலிங் பவுண் என்பார்கள். பிற்காலத்தில் அதைத் தேடி வாங்கிய கொழும்பு கோல்பேஸ் ஹோட்டலின் சிரில் கார்டினர், ஹோட்டலில் அதைக் காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டில் அதே தொழிற்சாலையில் செய்த எத்தனையோ கார்கள் இரும்புக் கடைக்குப் போயிருக்கும். இந்த ஒன்றைக் காப்பாற்றியது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற விபரமே.

நான் தரகர் தம்பியிடம் முடியாது என்றேன். கடையின் மேல்மாடியில் இருந்ததால் வாப்பாவின் கணக்குக் கொப்பிகள் சுனாமிக்குத் தப்பியிருந்தன. மூன்று நாள் தேடினேன். 1986இன் கொப்பியில் என்ஜின் வாங்கிய திகதி, தொகை, இலக்கம் எல்லாம் வாப்பாவின் கையெழுத்தில் இருந்தன. அடுத்த வரியிலேயே "பழைய இஞ்சின் இரும்புக்கு" என்று ஒரு சிறிய தொகை. அதைக் கொண்டு திணைக்களத்தில் என்ஜின் மாற்றத்தைப் பதியவும், வாரிசுகள் எல்லோரும் ஒப்பமிட்டுப் பெயர் மாற்றவும் பல மாத அலைச்சல் ஆனது. பிறகு நானே கொழும்புக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் வந்தார். முதலில் பேசியதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைத்தே கொடுத்தார். சொந்த என்ஜின் இல்லாத காருக்கு அது நியாயமான குறைப்புத்தான். சகோதரிகளின் பங்கை அன்றே பிரித்துக் கொடுத்தேன்.

எமது பிரதேச வியாபாரிகள் திறமையில் யாருக்கும் குறைந்தவர்களல்லர். எமது பலவீனம் பதிவில்தான் இருக்கிறது. வாகனமோ, காணியோ, இயந்திரமோ வாங்கினால் அன்றே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். திருத்த வேலை தொடங்குமுன் புகைப்படம் எடுங்கள். பாகம் வாங்கிய பற்றுச்சீட்டை ஒரு கோவையில் இட்டு, பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள். கழற்றிய பழைய பாகத்தை அவசரப்பட்டு நிறுத்துக் கொடுக்காதீர்கள். விற்கும்போது, மாற்றியவற்றை உடன்படிக்கையிலேயே எழுதுங்கள். வாங்கியவர் நாளை கேள்வி கேட்டால் அந்த வரியே உங்களைப் பாதுகாக்கும்.

காரை எடுத்துச் செல்லும்போது கொழும்புக்காரர் வாப்பாவின் கொப்பியையும் கேட்டார். அதற்கென்று தனியாக ஒரு விலையும் சொன்னார். அந்தப் பக்கங்களைப் போட்டோப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். கொப்பி கடையில்தான் இருக்கிறது.