பெட்டியைப் பிரித்ததும் சுவிட்சைப் போடலாமா?

சவூதியிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காக மேசைக் கணினியுடன் ஊர் திரும்பும் சகோதரர்களே, சற்றுப் பொறுங்கள். அந்நாட்டு வீடுகளில் நெடுங்காலமாக 127 வோல்ட் மின்சாரம் வழங்கப்பட்டு வந்தது. 230 வோல்ட்டுக்குப் படிப்படியாக மாறும் முடிவு 2010-இல்தான் எடுக்கப்பட்டது. நம் நாட்டிலோ 230 வோல்ட்.

பழைய கணினிகள் பலவற்றின் பின்புறம், மின்கம்பி செருகும் இடத்தருகே சிறு சிவப்புச் சுவிட்ச் இருக்கும். அது 115-இல் இருக்கையில் இங்கே மின்சாரம் பாய்ச்சினால், 'டப்' என்ற ஓசையுடன் பவர் சப்ளை கருகிவிடும். பாலைவெயிலில் உழைத்துச் சேர்த்த பணம் ஒரு நொடியில் புகையாகும்! மின்கம்பியைக் கழற்றிவிட்டு, சுவிட்சை 230-க்கு நகர்த்துங்கள். சுவிட்ச் இல்லையெனில் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். '100–240' என்றிருந்தால் அச்சமில்லை. மடிக்கணினி சார்ஜர்கள் பெரும்பாலும் இவ்வகையே.

கடைகளில் விற்கும் மாற்றுப் பிளக் மின் அழுத்தத்தைக் குறைக்கும் எனப் பலர் நம்புகின்றனர். அது துளைக்கேற்ப முனையை மாற்றுமேயன்றி, வோல்ட்டை மாற்றாது. அங்கு 60, இங்கு 50 சைக்கிள் என்பது கணினிக்கு ஒரு பொருட்டன்று. வரும் மின்சாரத்தை அது முதலில் நேர்மின்சாரமாக்கிக்கொள்கிறது.

பிரிண்டர், ஸ்பீக்கர் ஆகியவற்றின் சீட்டுகளைத் தனித்தனியே பாருங்கள். 110 அல்லது 127 மட்டுமே குறிக்கப்பட்டிருந்தால், அதன் வாட் அளவுக்கு மேற்பட்ட திறனுடைய ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிய பிறகே இணையுங்கள்.