கரும்பு விளையும் மண்ணில் குழந்தையின் எடை

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் வழியில் உள்ள முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையும் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. கரும்பு நம் வட்டாரத்தின் பிழைப்பு; இனிப்பு நம் உபசரிப்பு. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் இறங்கும் தாத்தா, பேரனைக் காண வெறுங்கையோடு செல்வதில்லை. அந்த அன்பை நாங்கள் குறை கூறவில்லை. அளவைப் பற்றியே பேசுகிறோம்.

சேர்க்கப்படும் சர்க்கரை, நாம் பெறும் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டிற்குள் அடங்க வேண்டும். 5 விழுக்காட்டிற்குள் அடங்கினால் மேலும் நன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வரையறுத்தது. நாளொன்றுக்கு 1,200 கலோரி தேவைப்படும் சிறு குழந்தைக்கு 10 விழுக்காடு என்பது 30 கிராம். அதாவது ஆறு தேக்கரண்டி. காலையும் மாலையும் பாலில் இரண்டிரண்டு தேக்கரண்டி, இடையில் 200 மில்லி குளிர்பானத்தில் ஏறத்தாழ நான்கு தேக்கரண்டி. மிட்டாய் ஒன்றைக்கூடத் தொடாமலே எட்டு ஆகிவிட்டது! வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவையும் இக்கணக்கில் சேரும். அவற்றால் எடை கூடாது என்பது வெறும் நம்பிக்கையே.

செலவாகாத ஆற்றல் கொழுப்பாகச் சேர்கிறது. குடிக்கும் சர்க்கரை வயிறு நிறைந்த உணர்வைத் தராததால், குழந்தை வழக்கமான சோற்றையும் குறைக்காமல் உண்கிறது. வேறு சில வீடுகளில் நிலை தலைகீழ். உணவுக்கு முன் இனிப்பும் பிஸ்கட்டும் தின்ற குழந்தை பருப்பையும் முட்டையையும் மறுத்து மெலிகிறது. இரு குழந்தைகளுக்கும் மூலக் காரணம் ஒன்றாக இருக்கக்கூடும்.

கொழுகொழுவென்று இருப்பதே ஆரோக்கியம் என்று கண்ணால் முடிவு செய்துவிடுகிறோம். உயரத்தையும் எடையையும் சேர்த்து அளந்தால்தான் உண்மை தெரியும். பருமனான குழந்தையின் பின்கழுத்திலோ அக்குளிலோ தோல் தடித்துக் கருத்திருந்தால், அழுக்கென்று எண்ணித் தேய்க்காதீர்கள். இன்சுலின் சரிவரச் செயல்படாததன் அறிகுறியாக அது இருக்கலாம்.

அதற்காகப் பட்டினி போட வேண்டாம், கேலியும் வேண்டாம். வளரும் பருவத்தில் எடை ஏறாமல் நின்று உயரம் கூடினாலே பல குழந்தைகளுக்குப் போதுமானது. பாலில் சர்க்கரையை வாரம் அரைத் தேக்கரண்டியாகக் குறைத்து வந்தால் நாக்கு பழகிவிடும். இரண்டு வயது நிறையாத குழந்தைக்குச் சர்க்கரை சேர்த்த பானம் எதுவும் கூடாது. சாப்பிட்டு முடித்தால் சாக்லேட் என்னும் பேரத்தையும் விட்டுவிடுங்கள். தாத்தா பாட்டியிடம் கொய்யாவோ வேர்க்கடலையோ வாங்கி வரச் சொல்லலாம். கோடையில் விக்கிரவாண்டிச் சாலையோரத்து நுங்கு இருக்கவே இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கடலையை முழுதாகத் தராமல் அரைத்தே தர வேண்டும். புரையேறும் ஆபத்து உண்டு.

கழுத்துக் கருமை, இரவில் குறட்டை, அடிக்கடி தாகம், மிகுதியான சிறுநீர் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் குழந்தையைத் தாமதமின்றிக் குழந்தைகள் நலப் பிரிவிற்கு அழைத்து வாருங்கள். அங்கன்வாடியில் எடை குறித்த அட்டை இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.