வைக்கம் படகுக்கு வெயிலே டீசல்

படகுத் தடத்தை மேம்படுத்த வேண்டும் என்றாலே பாலம் கட்டுவதுதான் வழி என்று நினைக்கிறோம். பெரியார் 1924-இல் போராடிச் சிறை சென்ற வைக்கத்தில் கேரள நீர்ப் போக்குவரத்துத் துறை வேறு வழியைக் காட்டியது. படகையே மாற்றியது.

வேம்பநாட்டுக் காயலின் கிழக்குக் கரையில் வைக்கம், எதிர்க்கரையில் தவணக்கடவு. இடையே ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் தண்ணீர். டீசல் படகுகள் புகை கக்கிக்கொண்டு போய்வந்த இந்தத் தடத்தில் 2017 ஜனவரியில் ‘ஆதித்யா’ ஓடத் தொடங்கியது. 75 பேர் அமரலாம். கூரை முழுக்கச் சூரியத் தகடுகள். அவற்றின் திறன் 20 கிலோவாட். கொச்சியின் நவால்ட் நிறுவனம் கட்டிய படகு இது.

20 கிலோவாட்டை வைத்துக்கொண்டு இத்தனை பேரை ஏற்றிச் செல்ல முடியுமா? விடை படகின் அடிப்பகுதியில் இருக்கிறது. ஒரே அகலமான உடலுக்குப் பதில், ஒல்லியான இரண்டு உடல்களைப் பக்கம் பக்கமாக வைத்து மேலே தளம் போட்டிருக்கிறார்கள். படகு ஓடும்போது தண்ணீரைத் தள்ளி அலை எழுப்புகிறது. எழுப்பும் ஒவ்வொரு அலையும் வீணாகிற ஆற்றல். ஒல்லியான உடல் தண்ணீரைக் கிழித்துப் போவதால் அலை குறைவு. கண்ணாடியிழையால் செய்ததால் எடையும் குறைவு.

அடுத்தது வேகம். நீரில் செல்லும் கலத்துக்குத் தேவைப்படும் திறன், தோராயமாக வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். இரண்டு மடங்கு வேகம் வேண்டுமானால் எட்டு மடங்கு திறன் வேண்டும். மணிக்குப் பத்து, பதினோரு கிலோமீட்டரில் நிதானமாகப் போனால் கால் மணி நேரத்தில் அக்கரை வந்துவிடும். அவசரப்பட்டு மிச்சம் பிடிக்கிற இரண்டு நிமிடத்துக்கு அவ்வளவு மின்சாரத்தைச் செலவழிப்பது புத்திசாலித்தனம் இல்லை. கயிறு கட்டி ஆள் இறங்கி ஏறும் நேரத்திலும் கூரைத் தகடுகள் படகின் பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும். மழைநாளில் குறைவதைக் கரையில் உள்ள மின் இணைப்பு ஈடுகட்டுகிறது. முதல் மூன்று ஆண்டுகளில் சுமார் ஒரு லட்சம் லிட்டர் டீசல் மிச்சம் என்று கணக்கிட்டார்கள். காயலில் எண்ணெய்ப் படலம் மிதக்காதது அந்தக் கணக்கில் வராத லாபம்.

பாரிஸின் செயின் ஆற்றில் 1881-இலேயே மின்சாரப் படகு ஓட்டியவர் குஸ்தாவ் துரூவே. அவர் பெயரில் வழங்கப்படும் சர்வதேச விருது 2020-இல் ஆதித்யாவுக்குக் கிடைத்தது.

வாகனம் ஏற்றும் பெரிய படகுக்கு இது சரிவருமா என்ற கேள்விக்கு நார்வே 2015-லேயே விடை சொல்லிவிட்டது. ‘ஆம்பியர்’ என்ற மின்சாரப் படகு அந்த ஆண்டு 120 கார்களோடு 5.7 கிலோமீட்டர் அகல நீர்ப்பரப்பைக் கடக்கத் தொடங்கியது. இரு கரையிலும் சிறு ஊர்கள்தான். அங்கே உள்ள மின்கம்பி பத்தே நிமிடத்தில் படகை நிரப்பும் அளவு மின்சாரத்தைத் தாங்காது. அதனால் கரையிலேயே பெரிய பேட்டரி வைத்தார்கள். படகு அக்கரை போய்வரும் நேரத்தில் அது மெல்ல மெல்ல நிரம்பி, வந்ததும் ஒரே மூச்சில் கொடுத்துவிடும். மின்சாரம் தள்ளாடும் ஒதுக்குப்புற ஊர்களுக்கு இந்த உத்தி மிக முக்கியம்.

இப்படிப்பட்ட படகுக்கு ஏற்ற தண்ணீர் தமிழ்நாட்டிலும் உண்டு. சென்னையை அடுத்த பொத்தேரியிலிருந்து கிழக்கே கேளம்பாக்கம் போனால், கோவளம் சாலைக்கு அடியில் பக்கிங்காம் கால்வாய் கிடக்கிறது. மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று தெற்கே நீளும் இக்கால்வாய், 2008-இல் அறிவிக்கப்பட்ட தேசிய நீர்வழி 4-இன் பகுதி. ஆழம் குறைவு, மண்கரை, அலை பட்டால் சரியும். அலை அதிகம் எழுப்பாத ஒல்லியான மின்சாரப் படகுக்குப் பொருத்தமான தண்ணீர் இது. ஆனால் முதலில் தூர்வார வேண்டும். கழிவுநீர் கலப்பதை நிறுத்த வேண்டும்.