குடும்ப வழக்கும் வக்கீல் தர்மமும்

கோர்ட்டில் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. நில வழக்கைவிடக் கணவன் மனைவி வழக்குக்கே இவ்வாக்கு அதிகமாகப் பொருந்தும். தீர்ப்பு எவர் பக்கம் ஆனாலும், நடுவில் நிற்கும் குழந்தைக்கு ஜெயம் ஏது? பீஸும் குறைவு, கண்ணீரோ அதிகம் என்று இவ்வழக்குகளைக் கண்டு முகம் சுளிக்கும் வக்கீல்கள் உண்டு. ஆயினும் தொழிலை ஒரு தர்மமாகக் கருதுவோருக்கு இதனினும் சிறந்த துறை வேறில்லை என்பது நமது அபிப்பிராயம்.

காந்தியடிகள் தமது தொழிலின் உட்பொருளைக் கண்டதும் ஓர் உறவினர் சண்டையிலேதான். தாதா அப்துல்லா கம்பெனியின் வழக்குக்காக அவர் 1893-ஆம் வருஷம் தென்னாப்பிரிக்கா சென்றார். எதிர்க்கக்ஷியான தயாப் சேத்தும் தாதா அப்துல்லாவும் உறவினர், ஒரே ஊர்க்காரர். இருவரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்கச் செய்தார் அடிகள். தாதா அப்துல்லாவுக்கே ஜெயம். ஆனால் 37,000 பவுனையும் ஒரே தடவையில் கேட்டால் தோற்றவர் திவாலாக வேண்டியதுதான். எனவே, நீண்ட தவணைகளில் பெற்றுக்கொள்ளும்படி ஜெயித்தவரைச் சம்மதிக்கச் செய்தார். பிரிந்தவரைச் சேர்த்து வைப்பதே வக்கீலின் மெய்யான வேலை என்று அப்போது உணர்ந்ததாகச் சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார்.

இனி நம் தர்மபுரி ஜில்லாவுக்கு வருவோம். பென்னாகரம், அரூர், பாலக்கோடு முதலிய தாலூகாக்களிலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூருக்குச் செல்வோர் பலர். போனவர்களில் சிலர் பணம் அனுப்ப மறக்கிறார்கள். சிலர் மனைவியையே மறந்துவிடுகிறார்கள். கைவிடப்பட்டவள் கணவனைத் தேடி வேற்று ராஜ்யம் போக வேண்டியதில்லை. தான் வசிக்கும் இடத்துக் கோர்ட்டிலேயே ஜீவனாம்சம் கேட்கலாம். மனுச் செய்த தேதி முதலே அத்தொகை கணக்கிடப்பட வேண்டுமென்று 2020-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவச வக்கீல் உதவி உண்டென்பது 1987-ஆம் வருஷச் சட்டம். பால்ய விவாகமும் இந்த ஜில்லாவை விட்டு அடியோடு நீங்கிவிடவில்லை. அப்படி மணம் செய்விக்கப்பட்ட பெண், 18 வயது நிரம்பி இரண்டு வருஷம் முடிவதற்குள் அம்மணத்தை ரத்துச் செய்யக் கோரலாம் என்கிறது 2006-ஆம் வருஷச் சட்டம். அறியாதவளுக்கு அந்தக் கெடு சத்தமின்றிக் கழிந்துவிடும். உரிய காலத்தில் ஒரு வார்த்தை சொல்லும் வக்கீல் ஒரு வாழ்வையே மீட்டவராவார்.

அப்படியானால் சமரசம் எங்கே என்று கேட்கலாம். குடும்ப கோர்ட்டு முதலில் சமரசத்துக்கு முயல வேண்டுமென்று 1984-ஆம் வருஷச் சட்டமே விதிக்கிறது. ஆனால் சமரசமென்ற பெயரால், அடிபட்டவளை அடித்தவன் வீட்டுக்கே திருப்பியனுப்புவது தர்மமாகாது. அவளுக்குப் பாதுகாப்பளிக்கவே 2005-இல் தனிச் சட்டம் பிறந்தது. காந்தியடிகளின் வழக்கைச் சற்றே கவனியுங்கள்: முதலில் நியாயம் நிர்ணயமாயிற்று, பிறகே தயவு வந்தது. இந்த வரிசை மாறலாகாது.

சட்டக் கல்லூரிக்குத் தம் மக்களை அனுப்பும் பெற்றோர், எத்தனை வழக்கு ஜெயித்தாய் என்று மட்டும் பிற்காலத்தில் கேளாதிருப்பார்களாக. எத்தனை வீடுகளில் மறுபடி அடுப்பெரிந்தது, எத்தனை பெண்கள் பயமின்றி உறங்கினார்கள் என்றும் கேட்கட்டும்.