பிள்ளைக்கு முதல் பாடம் அதன் பெயர்

நமது தோட்டத்து லயத்து வாசலில் விளையாடிக் கொண்டிருக்கும் நாலு வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு, "உன் பேரு என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "பாப்பா" என்று சொல்லும். இல்லாவிட்டால் "குட்டி", "தம்பி". "அப்பா பேரு?" என்றால் "அப்பா". "வீடு எங்கே?" என்றால் கையை நீட்டி "அதோ" என்று காட்டும். நாமும் சிரித்து விட்டு, கன்னத்தைக் கிள்ளி அனுப்பி விடுவோம்.

இதிலே சிரிக்க ஒன்றுமில்லை என்பது நம் எண்ணம். அந்தப் பிள்ளை தைப்பூசத்தன்று பத்துமலைக் கூட்டத்தில் கை நழுவிப் போய் விட்டதென்று வைத்துக் கொள்ளுங்கள். யாரோ ஒரு புண்ணியவான் தூக்கிக் கொண்டு போய்ப் போலீஸ் கூடாரத்தில் விடுகிறார். அங்கே அது என்ன சொல்லும்? "பாப்பா." "அப்பா." இந்த இரண்டு சொல்லை வைத்துக் கொண்டு லட்சக்கணக்கான ஜனத்திலே பெற்றவளை எங்கே தேடுவது?

பால்குடி மறந்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் சேரும் நாள் வரை உள்ள பிள்ளைகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். "அதுக்கு என்ன தெரியும், பச்சப் புள்ள! பள்ளிக்கூடம் போனா வாத்தியாரு சொல்லிக் குடுப்பாரு" என்று நம் பெண்கள் சொல்வதுண்டு. வாத்தியார் சொல்லிக் கொடுப்பார்தான். ஆனால் அது ஏழு வயதிலே. அதற்கு முன்னால் உள்ள வருஷங்கள் நம் கையிலே அல்லவா இருக்கின்றன? விடியற்காலை பிரட்டுக்கு ஓடி, வெயில் ஏறித் திரும்பி வந்து அடுப்பு மூட்டும் தாய்க்குப் பாடம் நடத்த ஏது நேரம் என்று கேட்பீர்கள். புத்தகம் வைத்து நடத்தும்படி நாம் சொல்லவில்லை. குளிப்பாட்டும்போது ஒரு தடவை, சோறு ஊட்டும்போது ஒரு தடவை, "உன் முழுப் பேரு சொல்லு, அப்பா முழுப் பேரு சொல்லு, எந்தத் தோட்டம், எத்தனாம் நம்பர் வீடு" என்று கேட்டு வாருங்கள். கொஞ்ச நாளில் கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கும். அம்மாவின் கைப்பேசி நம்பரைக்கூட ஐந்து வயதுப் பிள்ளை பாட்டாகப் பாடி விடும்.

பெயர் எழுதிய காகிதம்

சரி, எந்தப் பெயரைச் சொல்லிக் கொடுப்பது? வீட்டிலே கூப்பிடும் பெயர் ஒன்று, ஜாதகத்தில் ஒன்று, சூராட் பெரானாக்கில் ஒன்று. தகப்பனார் பெயர் அவருடைய ஐ.சி.யில் ரூமி எழுத்தில் ஒரு மாதிரி இருக்கும், பிள்ளையின் பத்திரத்தில் வேறு மாதிரி இருக்கும். "ஒரு எழுத்துதானே, போவுது" என்று விட்டு விடுகிறோம். அந்த ஓர் எழுத்து, பிற்காலத்தில் சேமநிதிப் பணத்துக்கு வாரிசு என்று நிற்கும்போது, "இவர் உன் தகப்பன்தானா?" என்று கேட்க வைக்கும். பத்திரம் கையில் கிடைத்த அன்றே, அந்தக் கவுண்டரிலேயே, படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்து விட வேண்டும்.

தீபகற்ப மலேசியாவில் பிள்ளை பிறந்த 60 நாட்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதிய வேண்டும். பதிந்து வாங்கிய பத்திரத்தில் குடியுரிமையைக் குறிக்கும் வரி ஒன்று இருக்கிறது. "வார்காநெகாரா" என்று இருந்தால் சரி. "புக்கான் வார்காநெகாரா" என்று இருந்தால், பிள்ளை இந்த மண்ணில் பிறந்திருந்தும் இந்நாட்டுப் பிரஜை அல்ல என்று பொருள். இந்த வரியைப் பார்க்காமலே பத்திரத்தை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்து விட்டு, பன்னிரண்டாவது வயதில் ஐ.சி. எடுக்கப் போகும்போதுதான் தலையில் கை வைக்கிறார்கள் நம்மவர்கள்.

இந்த நிலைமை எப்படி வருகிறது? பெரும்பாலும் கல்யாணத்தில் ஆரம்பமாகிறது. கோயிலில் தாலி கட்டி, ஊருக்குச் சோறு போட்டு விட்டால் கல்யாணம் முடிந்தது என்று நினைக்கிறோம். சாமிக்கு அது போதும், சட்டத்துக்குப் போதாது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பிறகு, முஸ்லிம் அல்லாதவர்கள் தங்கள் கல்யாணத்தைப் பதிந்தே ஆக வேண்டும். பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளை, குடியுரிமை விஷயத்தில் தாயின் பிள்ளை என்றுதான் கணக்கு. தாய் வெளிநாட்டுப் பெண்ணாகவோ, காகிதமே இல்லாதவளாகவோ இருந்து விட்டால், தகப்பன் நீல ஐ.சி. வைத்திருந்தும் பிள்ளைக்குப் பயனில்லை. பெற்றோரில் ஒருவர் மலேசியராக இருந்தால், பத்திரம் சரியில்லாத பிள்ளையையும் பள்ளியில் சேர்க்கக் கல்வி அமைச்சு வழி விட்டிருக்கிறது. அது படிப்புக்கு மட்டுந்தான் வழி. குடியுரிமை மனுவைத் தனியாகப் போட்டு, தனியாக அலைய வேண்டும். பிள்ளை சின்னதாக இருக்கும்போதே அலைந்து விடுங்கள்.

"அப்புறம் பாத்துக்கலாம்" என்ற சொல்லுக்கு நம் மக்கள் கொடுத்த விலை கொஞ்சமல்ல. நாடு சுதந்திரம் அடைந்த சமயத்தில் மனுப் போட்டவர்கள் போட்டார்கள். போடாதவர்கள் சிவப்பு ஐ.சி.யோடு நின்றார்கள். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கேட்கும் நிலை வந்தபோது, பால் வெட்டியே முதுகு கூனிப் போன ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்து கப்பல் ஏறினார்கள்.

மரியாதையும் பயமும்

தோட்டத்துப் பிள்ளைக்கு ஆபத்து எங்கே என்று கேட்டால் பாம்பு, ஆறு, ஈயக்குட்டை, பழ லோரி என்று வரிசையாகச் சொல்லி விடுவோம். இவையெல்லாம் நமக்குத் தெரிந்த எதிரிகள். திட்டியோ மிரட்டியோ காப்பாற்றி விடுகிறோம். மருந்துப் போத்தலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. புல்லுக்கு அடித்து வந்த பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டு விட்டது. அது எத்தனை உயிரைக் குடித்தது என்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வேறு மருந்துகள் இருக்கத்தான் செய்கின்றன. சொந்த ரப்பர்க் காடு வைத்திருப்போர் வீட்டில் பால் உறைய வைக்கும் ஆசிட் இருக்கிறது. பார்வைக்கு வெறும் தண்ணீர். அதை ஆரஞ்சுப் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைத்து விட்டு, மூன்று வயதுப் பிள்ளையிடம் "தொடாதே" என்று சொன்னால் கேட்குமா? இங்கே பாடம் படிக்க வேண்டியவர்கள் பெரியவர்கள்தாம்.

இனி நாம் எழுதப் போவது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

"பெரியவங்க சொன்னா கேக்கணும்." நம் பிள்ளைக்கு நாம் ஊட்டும் முதல் நீதி இது. நல்ல நீதிதான். ஆனால் அதை எப்படி ஊட்டுகிறோம் பாருங்கள். "மாமா கூப்பிடுறாரு, போ." "அண்ணனுக்கு ஒரு முத்தம் குடு." பிள்ளை நெளியும், அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளியும். நாம் விடுவதில்லை. "மரியாத தெரியாத புள்ள" என்று முதுகில் ஒன்று வைத்துத் தள்ளி விடுகிறோம். பிள்ளைகளிடம் தகாத முறையில் நடப்பவர்களில் பெரும்பாலோர் முன்பின் தெரியாத ஆட்கள் அல்லர். பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், வீட்டுக்குள் வந்து போகிறவர்கள், சம்பள நாளில் மிட்டாய் வாங்கிக் கொடுக்கிறவர்கள். பெரியவன் சொன்னால் மறுக்கக் கூடாது என்று நாம் சொல்லி வைத்ததுதான் அவர்களுக்கு வாசற்கதவு.

ஆகவே மரியாதையோடு சேர்த்து "வேணாம்" என்று சொல்லவும் கற்றுக் கொடுக்க வேண்டும். கையெடுத்து வணக்கம் சொன்னால் மரியாதை முடிந்தது; மடியில் உட்கார வேண்டியதில்லை. குளிப்பாட்டும் நேரமே இதற்கு நல்ல நேரம். வாய், மார்பு, தொடைக்கு நடுவில், பின்புறம், இந்த நாலு இடத்தையும் காட்டி, "இதை யாரும் தொடக் கூடாது. அம்மா குளிப்பாட்டுறப்ப, டாக்டர் பாக்குறப்ப அம்மா கூட இருப்பேன். வேற யாரு தொட்டாலும் கத்து, ஓடு, என்கிட்ட வந்து சொல்லு" என்று சொல்லுங்கள். "யாருகிட்டயும் சொல்லாதேன்னு யாரு எத சொன்னாலும், அத மொதல்ல அம்மாகிட்ட சொல்லு" என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். ஆண் பிள்ளைக்கும் இதே பாடந்தான். பையனுக்கு என்ன ஆகி விடும் என்று இருந்து விடாதீர்கள். கையில் கைப்பேசியைக் கொடுத்து உட்கார வைக்கும் பிள்ளைக்கு, அதற்குள்ளிருந்து பேசும் ஆளும் அந்நியன்தான் என்று சொல்ல வேண்டும்.

பிள்ளை வந்து சொன்னால் என்ன செய்வது? அடிக்காதீர்கள். "நீ ஏன் அங்க போன?" என்று கேட்காதீர்கள். ஒரு தடவை அடி வாங்கிய பிள்ளை மறுதடவை சொல்லாது. இரண்டாவது காரியம், தோட்டத்துப் பஞ்சாயத்து. "நம்ம ஆளுதான், பேசி முடிச்சிடலாம், பொம்பளப் புள்ள பேரு கெட்டுப் போவும்" என்று கோயில் வாசலில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்க வைத்து அனுப்பி விடுவது நம்மிடையே உள்ள வழக்கம். இது பிள்ளைக்குச் செய்யும் துரோகம். 2017ஆம் ஆண்டில் வந்த சிறுவர்கள் மீதான பாலியல் குற்றங்கள் சட்டம், தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதையே குற்றமாக்கி, 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்க இடம் கொடுத்திருக்கிறது. பேசி முடிக்கிற பெரியவர்களுக்கும் இது பொருந்தும். "சின்னப் புள்ள பேச்ச யாரு நம்புவா?" என்று கேட்பவர்களும் தெரிந்து கொள்ளட்டும்: வேறு சாட்சியே இல்லாமல், பிள்ளையின் வாக்குமூலத்தை மட்டும் வைத்தே தண்டனை கொடுக்க நீதிமன்றத்துக்கு அந்தச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. 999 அல்லது 15999 என்ற அரசாங்க நம்பருக்குப் போன் போடலாம். அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு நேரே தூக்கிக் கொண்டு போகலாம். போகுமுன் பிள்ளையைக் குளிப்பாட்டி விடாதீர்கள், துணியையும் துவைக்காதீர்கள்.

தாத்தா வந்த வழி

பெயர், வீடு, உடம்பு என்று சொல்லிக் கொடுத்த பிள்ளை அடுத்துக் கேட்கும் கேள்வி நமக்குத் தெரியும்: "தாத்தா எங்கேருந்து வந்தாரு?" இதற்குப் பதில் சொல்ல முடியாமல் நம்மில் பலர் விழிக்கிறோம். "இந்தியாவிலேருந்து" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லி விடுகிறோம். தஞ்சாவூரா, சேலமா, திருச்சியா, வட ஆற்காடா? கங்காணி கூட்டி வந்தாரா, தானாக வந்தாரா? இந்திய அரசாங்கம் 1938இல் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தி விட்டது. அதற்கு முன் வந்தவர்கள் யார், பின்னால் சொந்தக்காரர்களைத் தேடி 'ரஜூலா' கப்பலில் வந்தவர்கள் யார், 1942, 43இல் ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துப் போய்த் திரும்பி வராதவர்கள் யார் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கதை இருக்கிறது.

கலாசாரம் என்றவுடன் நம் ஆட்கள் மேடை போட்டு, பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை கட்டி, சினிமாப் பாட்டுக்கு ஆட விடுகிறார்கள். ஆடட்டும், நமக்கு வருத்தமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வாசலில் பாட்டி கோலம் போடும்போது பக்கத்தில் குந்திப் புள்ளி வைக்கும் பிள்ளை, எண்ணையும் கற்றுக் கொள்கிறது, பாட்டியையும் தெரிந்து கொள்கிறது. பல்லாங்குழிப் பலகை இல்லாவிட்டால் மண்ணிலே பதினாலு குழி தோண்டி, ரப்பர்க் கொட்டையைப் போட்டு ஆடலாம். பக்கத்து மலாய் வீட்டுப் பிள்ளைக்கும் அந்த ஆட்டம் புரியும், அவர்களிடம் சோங்காக் இருக்கிறதே! குழிக் கணக்கில் கொஞ்சம் வித்தியாசம். அதைப் பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை போட்டுத் தீர்த்துக் கொள்ளும். நாட்டுக் கொடியின் பதினாலு கோட்டையும் அதே குழிக் கணக்கில் எண்ண வைக்கலாம். பள்ளிக்கூடத்திற்குப் போய் ருக்குன் நெகாராவை ஒப்பிக்கும்போது, கொடி அதற்குப் புதிதாக இருக்காது.

இன்று நம் தோட்டங்களில் பழம் வெட்ட வந்திருப்பவர்கள் வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும். அவர்கள் நடந்து போகும்போது நம் பிள்ளைகள் பின்னால் நின்று கேலி பேசுவதை நாம் பல இடங்களில் கேட்டிருக்கிறோம். அந்தச் சொற்களைப் பிள்ளை எங்கே கற்றது? நம் வீட்டுத் திண்ணையில்தான். தாத்தாவும் இப்படித்தான் ஒரு தகரப் பெட்டியோடு, பாஷை தெரியாமல், முன்பணக் கடனோடு வந்து இறங்கினார் என்ற கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அப்படிக் கூப்பிடுமா?

லயங்களை இடித்து நம்மை அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்பிய இடங்களில் மாரியம்மன் கோயிலும் இடம் மாறி விட்டது, கிழவர்களும் ஒவ்வொருவராகப் போய்க் கொண்டிருக்கிறார்கள். எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை மடித்துக் கொடுத்து, பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஊர்ப் பெயரைக் கேளுங்கள். பாட்டியின் அப்பா பெயரையும் கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, சூராட் பெரானாக் இருக்கும் அதே பெட்டியில் வையுங்கள்.